நிறுத்தி வைத்த கடிதங்கள்

முறையாகச் சொல்ல வருமா என்று பயமாக இருக்கிறது மேடம். நான் எட்டாவதோடு நின்றவள். முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லி, பின்னால் சொல்ல வேண்டியதை முன்னால் போட்டு உடைத்து, கடைசியில் கேட்கிறவர்கள் என் மேல்தான் தப்பு என்று நினைத்துவிடுவார்கள். வீட்டிலும் அப்படித்தான். அதனால் நடுவில் எங்காவது நான் மோசமானவள் மாதிரித் தெரிந்தால், அது சொல்லத் தெரியாமல் சொன்னது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கதவு சாத்தியிருக்கிறதா? மேனேஜர் வெளியே நிற்கிறாரா? பேர் எழுத மாட்டோம் என்றீர்கள். எழுதாதீர்கள்.

நீங்கள் வழக்கமாகக் கேட்பதற்கெல்லாம் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். குடிக்கத் தண்ணீர் இருக்கிறது. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறது, அதற்குப் போன வாரம்தான் புதுத் தாழ்ப்பாள் போட்டார்கள், நீங்கள் வருகிறீர்கள் என்று. தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவது என்று அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். போன வருடம் உங்களை மாதிரி ஒருவர், நம் துணியை வாங்குகிற பையர் கம்பெனிக்காக ஆடிட்டுக்கு வந்து, எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, "வேற ஏதாச்சும் குறை இருக்காம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அப்போது உண்மையாகவே இல்லை. இந்த வருடம் இருக்கிறது. ஒரு பெண். அவ்வளவுதான் குறை.

என் வேலை என்னவென்று சொன்னால்தான் மற்றது புரியும். இந்தக் கம்பெனிக்கு வருகிற ஈமெயில் எதுவும் நேராக உள்ளே வந்துவிடாது. நடுவில் ஒரு ஃபில்டர் இருக்கிறது. லாட்டரி விழுந்தது, மாத்திரை வாங்கு, பேங்க் கணக்கைச் சொல்லு என்று வருகிற குப்பைக் கடிதங்களை அது பிடித்து ஒரு பெட்டியில் நிறுத்தி வைக்கும். பெட்டி என்றால் நிஜப் பெட்டி இல்லை, கம்ப்யூட்டருக்குள்தான். சில சமயம் நல்ல கடிதத்தையும் பிடித்துவிடும். தினமும் காலையில் எட்டு மணிக்கு அந்தப் பெட்டியைத் திறந்து, நல்லதை உள்ளே விட்டு, கெட்டதை ஒதுக்க வேண்டும். பதினோரு வருடமாக அது என் வேலை.

எட்டாவது படித்தவளுக்கு இந்த வேலையா என்று நினைப்பீர்கள். இந்தக் கரூரில் எல்லோரும் நினைத்தார்கள். நான் முதலில் துணி செக்கிங்கில் இருந்தவள். அப்போது ஒரு பையர் எழுதிய கடிதம் அந்தப் பெட்டிக்குள்ளேயே கிடந்து, யாரும் பார்க்காமல், ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் முதலாளி படித்த பிள்ளைகளாகப் பார்த்து உட்கார வைத்தார். ஒரு வாரம் பார்ப்பார்கள். பத்தாம் நாள் சலித்துப்போய், பார்க்காமலே மொத்தமாக அழித்துவிடுவார்கள். கடைசியில் முதலாளியே சொன்னார், "நம்ம கமலவேணியைக் கூப்பிடுங்க. நாலாயிரம் மீட்டர்ல ஒரு இழை விட்டிருந்தாலும் அது கண்ணுல படும்."

பார்த்தீர்களா, பேரைச் சொல்லிவிட்டேன். எழுதாதீர்கள்.

எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. பார்க்கத் தெரியும். நல்ல கடிதத்துக்கு ஒரு முகம் இருக்கும் மேடம். பையர் பேரையெல்லாம் எழுத்து எழுத்தாக ஒரு நோட்டில் வரைந்து வைத்துக்கொண்டேன். ஆர்டர், சாம்பிள், ஷிப்மெண்ட் என்ற வார்த்தைகளை உருவத்தை வைத்தே தெரிந்துகொண்டேன். பதினோரு வருடத்தில் ஒரு பையர் கடிதம்கூட என்னைத் தாண்டித் தவறியதில்லை.

பார்த்து முடித்ததும் எட்டரைக்கு முதலாளி ரூமுக்குப் போவேன். சென்னியப்பன் முதலாளி. எதிர் நாற்காலியைக் காட்டி, "உக்காரு கமலா. இன்னிக்கு என்ன சிக்குச்சு?" என்பார். நாலு நல்லதுங்க, இருநூத்திப் பத்து குப்பைங்க என்பேன். லாட்டரிக் கடிதத்தில் எத்தனை கோடி என்று கேட்பார். இரண்டு பேரும் சிரிப்போம். பத்து நிமிடம். மேனேஜர்கூட அந்த ரூமில் நின்றுகொண்டுதான் பேசுவார். நான் உட்கார்ந்து பேசுவேன். "உன்னை விட்டா இதுக்கு ஆளே இல்லை கமலா" என்பார். தப்பாக நினைக்காதீர்கள், அவர் எனக்கு அண்ணன் மாதிரி. வீட்டில் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. சோறு ஆச்சா என்பதைத் தவிர.

ஆவணியில் அவள் வந்தாள். மோனிஷா. இருபத்துநாலு வயது, இன்ஜினியரிங் படித்தவள். சர்வர், பிரிண்டர், கேமரா எல்லாம் அவள் பொறுப்பு. முதல் நாளே என் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "அக்கா, உங்களைப் பத்தி சார் நிறையச் சொன்னாரு. எனக்குக் கத்துக்குடுங்க" என்றாள். மூன்று நாள் சொல்லிக் கொடுத்தேன். என் நோட்டையும் காட்டினேன். அங்கேதான் என் புத்தி கெட்டுப்போனது.

அவளும் எனக்கு ஒன்று சொன்னாள். "அந்த ஃபில்டர் ஒவ்வொரு கடிதத்துக்கும் மார்க் போடுதுக்கா. அஞ்சுக்கு மேல வாங்கினா நிறுத்திடும்."

"நிறைய மார்க் வாங்கினா கெட்டதா கண்ணு?"

"ஆமாக்கா."

"எங்க பள்ளிக்கூடத்துல அப்படி இருந்திருந்தா நானும் காலேஜுக்குப் போயிருப்பனே" என்றேன். சிரித்தாள். நன்றாகத்தான் சிரித்தாள். பல் வரிசையாக இருக்கும் அவளுக்கு. கம்பி போட்டுச் சரி செய்ததாம்.

அப்புறம் ஒவ்வொன்றாக மாற்ற ஆரம்பித்தாள். எல்லாம் பழைய செட்டிங்காம். எதை மாற்றினாலும் தேதி போட்டு ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவாள். மூன்று வாரத்தில் பன்னிரண்டு மாற்றம். மற்ற பத்தும் எனக்குத் தெரியாது. இரண்டு தெரியும்.

ஒன்று, இந்தச் சிவப்பு பட்டன். முன்பெல்லாம் கெட்டதைச் சும்மா ஒதுக்குவோம். இப்போது சிவப்பை அழுத்தினால் அந்தக் கடிதத்தில் இருக்கிற வார்த்தைகளை ஃபில்டர் படித்து, இதெல்லாம் கெட்ட வார்த்தை என்று மனசில் வைத்துக்கொள்ளுமாம். அடுத்த தடவை அதே வார்த்தை வந்தால் மார்க்கைக் கூட்டிப் போடுமாம். பச்சையை அழுத்தினால் கடிதம் உள்ளே போகும், அவ்வளவுதான், அதற்குப் பாடம் கிடையாது.

இரண்டாவதுதான் என் வயிற்றில் அடித்தது. எட்டரை மணி ஆனதும், பெட்டியில் என்னென்ன நிற்கிறது என்று ஒரு லிஸ்ட் தானாகவே முதலாளிக்குப் போகும். அவள் பேரில்.

மறுநாள் நான் வழக்கம்போல் போனேன். முதலாளி போனைப் பார்த்துக்கொண்டே, "மோனிஷா லிஸ்ட் வந்துருச்சும்மா. பாத்துட்டேன். நீ போய் வேலையைப் பாரு" என்றார். உட்காரச் சொல்லவில்லை. நான் நாற்காலியில் கை வைத்துவிட்டேன், வைத்த கையை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அன்று பதினோரு மணிக்கு அவளைக் கூப்பிட்டார். கண்ணாடிக் கதவு, எனக்கு நன்றாகத் தெரியும். அந்த நாற்காலி சுழலுகிற நாற்காலி. பதினோரு வருடத்தில் நான் ஒரு தடவைகூட அதில் சுழன்றதில்லை. அவள் முதல் நாளே இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டிக்கொண்டே பேசுகிறாள். அவர் தன் போனைக் கொடுத்து ஏதோ கேட்கிறார். "மோனிஷாம்மா" என்கிறார். நான் கமலா. கமலாம்மாகூட இல்லை.

ஷிப்மெண்ட் பார்க்கிற தியாகு ஒரு வாயாடி. கேண்டீனில் எல்லோர் முன்னாலும், "என்னக்கா, வயிறு எரியுற வாசம் இங்க வரைக்கும் அடிக்குது" என்றான். "போடா, எனக்கு எதுக்குப் பொறாமை? அது என் மக வயசு" என்றேன். நிஜமாகவே எனக்கு எதற்கு மேடம்? அவள் என்ன உடுத்துகிறாள், என்ன சாப்பிடுகிறாள் என்று நான் பார்ப்பதுகூட இல்லை. புதன்கிழமை மட்டும்தான் அந்த மயில்நிறச் சுடிதார் போடுவாள். டப்பாவில் வாரத்துக்கு இரண்டு நாள் காளான். எனக்கு அதெல்லாம் எதற்கு?

டீ ஆறுகிறது, குடியுங்கள்.

ஒரு வாரம் கழித்து, ஒரு காலையில் பெட்டியைத் திறக்கிறேன், முந்தின நாள் அவள் அனுப்பிய லிஸ்ட்டே பெட்டிக்குள் நிற்கிறது. அதில் லாட்டரி, மாத்திரை என்று குப்பைக் கடிதங்களின் தலைப்பெல்லாம் வரிசையாக இருக்கிறதல்லவா, ஃபில்டர் அதையும் குப்பை என்று பிடித்துவிட்டது. நானா பிடித்தேன்? அதுவாக வந்தது. என் வேலை கெட்டதைப் பார்த்தால் சிவப்பு அழுத்துவது. அந்த லிஸ்ட்டில் இருந்ததெல்லாம் கெட்டது. அழுத்தினேன்.

அன்றைக்கும் லிஸ்ட் வரவில்லையே என்று முதலாளி என்னைக் கூப்பிட்டுவிட்டார். போய் உட்கார்ந்தேன். பத்து நிமிடம்.

மூன்று நாளில் அவள் அதைக் கண்டுபிடித்து, லிஸ்ட்டை மட்டும் யாரும் நிறுத்தக் கூடாது என்று செட்டிங்கில் போட்டுவிட்டாள். மறுபடியும் நான் வெளியே. ஆனால் அவள் சும்மா இருக்கிறவள் இல்லை மேடம். எந்நேரமும் எல்லோருக்கும் கடிதம் எழுதுவாள். பாஸ்வேர்டை மாற்றுங்கள், நாளைக்கு அரை மணி நேரம் சர்வர் ஓடாது, பிரிண்டரில் இந்தத் தாளைப் போடாதீர்கள். பக்கத்து மேஜைக்குக்கூடக் கடிதம்தான். வாயைத் திறந்து சொன்னால் என்ன? என் திரையில் உள்ளே போகிற கடிதம், நிற்கிற கடிதம் எல்லாமே தெரியும். அவள் கடிதம் போன பிறகும் நான் சிவப்பை அழுத்தலாம். தேவையில்லாத கடிதம்தானே? தேவையில்லாதது குப்பைதானே? நாளுக்கு எட்டு, பத்து. அவ்வளவுதான் நான் செய்தது. அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஐப்பசி பிறந்ததும் பெட்டியில் புதுசாக ஒன்று நடந்தது. நம் பையர்களின் கடிதம் வந்து நிற்க ஆரம்பித்தது. ஒன்று இரண்டு இல்லை, நாளுக்குப் பதினைந்து. முன்பின் தெரியாதவன் எழுதுகிற கடிதம் சிரமமில்லாமல் உள்ளே போகிறது. பத்து வருடப் பையர், நம் கடிதத்துக்குப் பதில் எழுதினால், அது நிற்கிறது. நான் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பச்சை அழுத்தி விட்டேன். விட்டதைத் தாளில் எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன்.

"இதெல்லாம் நிறுத்தியிருக்குதா?" என்று அவர் எழுந்தே விட்டார். "உக்காரு கமலா. எல்லாத்தையும் சொல்லு."

தினமும் போனேன். பத்து நிமிடம் இல்லை, இருபது நிமிடம்.

அவளுக்குத் தினமும் திட்டு. பாவம் என்றுகூட நினைத்தேன். சுவரில் ஒட்டிய தாளின் முன்னால் நிற்பாள். கடைசியாகச் செய்த மாற்றத்தைத் திருப்பி வைப்பாள், ஒரு நாள் காத்திருப்பாள், சரியாகவில்லை என்றால் பென்சிலால் அடித்துவிட்டு அதற்கு முந்தினதற்குப் போவாள்.

"எல்லாத்தையும் ஒண்ணா மாத்திப் போட வேண்டியதுதான கண்ணு?" என்றேன்.

"அப்படிச் செஞ்சா எதனால சரியாச்சுன்னு தெரியாமப் போயிரும்க்கா. நாளைக்கு மறுபடி வரும்." அப்புறம் ஸ்டூலைத் திருப்பி என்னைப் பார்த்தாள். "நீங்கதான தினம் பாக்குறீங்க. உங்களுக்கு என்ன தோணுது?"

"எனக்கு என்ன தெரியும் அம்மிணி, எட்டாவது படிச்சவ" என்றேன்.

உண்மைதானே? எனக்கு அப்போது தெரியாது. சத்தியமாக, இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று தெரியாது. இலேசாகச் சந்தேகம் வந்தது. வந்ததும் அழுத்துவதைக் குறைத்துக்கொண்டேன். நாளுக்கு நாலைந்துதான்.

இப்போது கெட்ட பகுதி. என் நாத்தனார் பேத்திக்குக் குளித்தலையில் காதுகுத்து. வெள்ளி, சனி லீவு போட்டேன். பெட்டியை அவளைப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். என் நோட்டைக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. இரண்டு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது என்று இருந்துவிட்டேன். அவள் பார்த்துச் சரியாகச் செய்துவிட்டால்? அப்புறம் நான் எதற்கு?

திங்கட்கிழமை திறக்கிறேன். மேலிருந்து இரண்டாவது வரியில் டென்மார்க் பையர். வெள்ளிக்கிழமை மதியமே வந்து நிற்கிறது. டீ டவல் ஆர்டர். நீளம் எழுபது சென்டிமீட்டர் வேண்டாம், எழுபத்தைந்து வேண்டும், உடனே கட்டிங்கை நிறுத்துங்கள் என்று எழுதியிருப்பதாகத் தியாகு படித்துச் சொன்னான். இரண்டு நாளாகக் கட்டிங் ஓடியிருக்கிறது. ஒரே அளவில் அடுக்கடுக்காக. வெட்டின துணி வளராது மேடம்.

முதலாளி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொல்லவில்லை, ஆபீஸ் முழுக்கக் கேட்டது.

"பதினோரு வருஷம் இந்தப் பெட்டி ஒழுங்கா ஓடுச்சு. நீ வந்து கை வச்ச, எல்லாம் போச்சு."

"ஆமா சார்" என்றாள்.

"என்ன ஆமா? ஏன்னு சொல்லு."

"தெரியலை சார். பன்னெண்டு மாத்தினேன். அதுல ஏழு மாத்தத்தைத் திருப்பி வச்சுப் பாத்துட்டேன். இன்னும் அஞ்சு இருக்கு. என் மாத்தத்துலதான் தப்பு. எதுன்னு தெரியலை."

"நீ ஒவ்வொண்ணா எண்ணி முடிக்கிறதுக்குள்ள நான் கம்பெனியை மூடிருவேன். சனிக்கிழமைக்குள்ள கண்டுபிடி. இல்லைன்னா வேற இடம் பாத்துக்க." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நீ லீவு போடாம இருந்திருந்தா இது நடந்திருக்காது கமலா."

அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். நெஞ்சு நிறைந்தது. அவ்வளவுதான்.

அவள் அழவில்லை. அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அன்று புதன்கிழமை இல்லை, ஆனாலும் அந்த மயில்நிறம்தான் போட்டிருந்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம், எல்லோரும் கேண்டீனுக்குப் போன நேரம். நான் டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "அக்கா, கொஞ்சம் இருங்க. கண்டுபிடிச்சுட்டேன்" என்றாள். குரலில் சந்தோஷமே இல்லை.

"நம்ம ஆளுங்க எழுதுற கடிதத்துக்கெல்லாம் அடியில கம்பெனி பேரு, தெரு, பின்கோடு, போன் நம்பர் இருக்குதுல்லக்கா? ஃபில்டர் அதையெல்லாம் கெட்ட வார்த்தைன்னு படிச்சு வச்சிருக்கு. பையர் பதில் எழுதும்போது நம்ம கடிதமும் அதுக்குக் கீழ ஒட்டிக்கிட்டே வருது. அதான் பதில் எழுதுறவங்க மாட்டுறாங்க. புதுசா எழுதுறவங்க தப்பிச்சுக்கிறாங்க."

"அது எப்படிக் கண்ணு அப்படிப் படிக்கும்?"

"என் கடிதத்துக்கெல்லாம் சிவப்பு அழுத்தியிருக்கு. நூத்தி எண்பத்தாறு கடிதம்."

எனக்கு டப்பா கையில் சுட்டது. ஆறிப்போன டப்பாதான், சுட்டது. "யாரு அழுத்துனாங்கன்னு அதுல இருக்குமா?"

"இருக்கும்க்கா. பேரு, நாளு, மணி, நிமிஷம்."

"அதை அழிக்க முடியாதா?"

"முடியாது. ஒரு வருஷம் அப்படியே இருக்கும். என் எடத்துக்கு யாரு வந்தாலும் தொறந்து பாக்கலாம்."

திரையை என் பக்கம் திருப்பவில்லை. என்னையும் பார்க்கவில்லை. விசைப்பலகையில் இருந்த தூசியை விரலால் தள்ளிக்கொண்டே சொன்னாள்: "கெட்டதுக்கு மட்டும் பாடம் வச்சேன். நல்லதுக்கும் வச்சிருந்தா, நீங்க பச்சை அழுத்த அழுத்த அதுவே சரியாயிருக்கும். அது என் தப்புதான். சார்கிட்ட அப்படித்தான் சொல்லப் போறேன். ஃபில்டர் படிச்சு வச்சதையெல்லாம் இப்ப மொத்தமா அழிச்சுட்டேன், இனிமே நிக்காது." எழுந்தாள். "சாப்பிட வாங்கக்கா."

போய் அப்படித்தான் சொன்னாள். நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி கத்தினார். அவள் நின்றுகொண்டே கேட்டாள். என் பேர் வரவில்லை. வந்திருந்தால் அவர் இந்தப் பக்கம் திரும்பியிருப்பார். திரும்பவில்லை. சனிக்கிழமைக் கெடு போனது, அவள் இருந்துவிட்டாள்.

ஏன் சொல்லவில்லை? அதை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை மேடம். சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். என் பொழப்பைப் பறித்தாயே என்று கேட்டிருப்பேன். சொல்லாமல் விட்டால் என்ன அர்த்தம்? கயிறு அவள் கையில் என்று அர்த்தம். அதோடு விட்டாளா? அடுத்த வாரம் வந்து, "அக்கா, அந்த லிஸ்ட்டை நிறுத்திட்டேன். நீங்களே போய் சார்கிட்ட சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் அவருக்குப் புரியுதாம்" என்கிறாள். என் பத்து நிமிடத்தை எனக்கே தருகிறாள், தட்டில் வைத்து. போய் உட்கார்ந்தேன். அதே நாற்காலி. உட்கார்ந்த மாதிரியே இல்லை.

போனில் படம் பிடித்தால் இங்கிலீஷைத் தமிழாக்கிக் காட்டும் ஒன்றையும் போட்டுக் கொடுத்தாள். "இனிமே உருவத்தைப் பாத்துக் கஷ்டப்பட வேண்டாம்க்கா" என்றாள். எல்லாவற்றிலும் அவள்தான் நல்லவளாக இருக்க வேண்டும்.

நடந்தது என்ன, எப்படி நடந்தது, இனி நடக்காமல் இருக்க என்ன செய்திருக்கிறோம் என்று டென்மார்க் பையருக்கு ஒரு கடிதம் எழுதினாள். எழுபது சென்டிமீட்டர் துணியை அவர்களே வேறு சைஸாக வைத்து வாங்கிக்கொண்டார்கள். அவர்களுக்குச் சென்னையில் ஒரு ஆபீஸ் இருக்கிறது. அங்கே இருக்கிற பெரியவர் முதலாளிக்குப் போன் செய்து, தப்பை இவ்வளவு தெளிவாக ஒத்துக்கொண்டு எழுதினவர்களை நாங்கள் பார்த்ததில்லை என்றாராம். முதலாளி அதைக் கேண்டீனில் வந்து சொன்னார். கேண்டீனில். பதினோரு வருடம் தப்பே செய்யாமல் இருந்தவளைப் பற்றி யாரும் கேண்டீனில் வந்து சொன்னதில்லை.

நீங்கள் அந்தச் சென்னை ஆபீஸ் இல்லையே? ஆடிட்டு கம்பெனி வேறு என்றுதானே சொன்னீர்கள்? சரி.

கார்த்திகை கடைசியில் பெட்டியில் ஒரு கடிதம் நின்றது. அந்தச் சென்னை ஆபீஸிலிருந்து மோனிஷாவுக்கு. வேலை, சம்பளம், உடனே என்றெல்லாம் இருந்தால் ஃபில்டருக்கு ஆகாது. பாதிக் குப்பைக் கடிதம் அப்படித்தான் வரும். அதனால் நிறுத்திவிட்டது. நான் போனை எடுத்துப் படம் பிடித்துப் பார்த்தேன். எங்களிடம் வந்து வேலை செய்ய விருப்பமா, சம்மதம் என்றால் பொங்கலுக்குப் பிறகு சேரலாம், இங்கே தருவதைவிட அதிகம் தருகிறோம், பதில் எழுதுங்கள்.

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? மாரியம்மா, கண்ணைத் திறந்துட்டே என்று வாய் விட்டே சொல்லிவிட்டேன். போகட்டும். நல்லபடியாகப் போகட்டும். பச்சையின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தும்விட்டேன்.

அப்போதுதான் தோன்றியது. அவள் போனால் அவள் இடத்துக்கு ஒருவன் வருவான். புதுசாக வருகிறவன் முதலில் என்ன செய்வான்? எல்லாவற்றையும் திறந்து பார்ப்பான். அவளும் அப்படித்தானே செய்தாள்? ஒரு வருடம் அப்படியே இருக்கும் என்றாளே. நூற்று எண்பத்தாறு தடவை என் பேர், நாள், மணி, நிமிடம். அவனுக்கு நான் யார்? எதற்கு மறைப்பான்? நேராக முதலாளியிடம் கொண்டுபோய் வைப்பான். அவள் இருக்கிற வரைக்கும்தான் அது மூடியிருக்கும்.

சிவப்பை அழுத்தலாமா என்று பார்த்தேன். அழுத்தினால் நூற்று எண்பத்தேழு. பச்சையை அழுத்தினால் அவள் போய்விடுவாள்.

பெட்டியில் நிற்கிற கடிதத்தை யாரும் தொடவில்லை என்றால் முப்பது நாளில் அது தானாகவே அழிந்துவிடும். யார் பேரிலும் எழுதாது. நாள் போட்டு, மணி போட்டு, இவள்தான் செய்தாள் என்று எதுவும் இருக்காது. யாரும் செய்யவில்லை அல்லவா?

அவள் இப்போது பெட்டிப் பக்கமே வருவதில்லை. அது அக்காவுடையது என்று என்னிடமே விட்டுவிட்டாள். நேற்றுகூடத் தன் டப்பாவிலிருந்து எனக்குக் காளான் எடுத்து வைத்தாள். "உங்க முகமே சரியில்லையேக்கா, உடம்புக்கு என்ன?" என்றாள். ஒன்றுமில்லை கண்ணு என்றேன். போன வாரம் சென்னையிலிருந்து இன்னொரு கடிதமும் வந்தது. முதல் கடிதம் கிடைத்ததா என்று கேட்டு. அதுவும் நிற்கிறது.

தினமும் காலையில் திறக்கிறேன். அதற்கு மேலே உள்ளதைப் பார்க்கிறேன், கீழே உள்ளதைப் பார்க்கிறேன். அந்த வரி வரும்போது மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். இன்றோடு இருபத்தாறு நாள்.